நான்கு இரண்டு, நான்கு பன்னிரண்டு

கமரா சொல்கிறபடி
ஸ்டெல்லாமேரி கொழுந்து நிறுத்தது
இரண்டாயிரமாம் ஆண்டு, சனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி மூன்றாம் நிமிடம்.
படத்திலோ உச்சிவெயில்.
கூடையின் நிழல் கூடைக்கடியில் ஒதுங்கியிருக்கிறது.

"அப்ப எனக்கு நாலு வயசுங்க" என்று சிரித்தாள்,
நோர்வூட் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே
என் கடையின் ஒற்றை ஸ்டூலில்
ஈரக் குடையை மடியில் கிடத்திக்கொண்டு.
பற்றரி செத்து உயிர்த்த அன்று
கமரா அவளிடம் தேதி கேட்டிருக்கிறது.
வரிசை நகர்ந்துகொண்டிருந்தது.
தாண்டிப்போகும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அறுநூற்றுப் பதின்மூன்று படங்கள்.
ஒவ்வொன்றிலும் தராசின் முகம், பக்கத்தில் துண்டு.
முள் பதினெட்டில். துண்டு பதினாறில்.
தண்ணிக்குக் கழித்ததாம்,
ஒரு சொட்டு விழாத மார்ச்சில்.
திங்கட்கிழமை தொழில் அலுவலகத்தில் விசாரணை.
"தேதி பிழைன்னா அது வெறும் படம்" என்று
சங்கத்து ஜெகசோதி சொல்லியனுப்பியிருக்கிறார்.

கையால் ஒவ்வொன்றாய்த் திருத்தினால் விடிந்துவிடும்.
விடிந்தும் முடியாது.
ஸ்கிரிப்ட் என்றால் ஏழே வரி:
கோப்புறையைத் திற, படத்தை எடு,
உள்ளே பதிந்த நேரத்தைப் படி,
இவ்வளவைக் கூட்டு,
நகலில் எழுது, அசலைத் தொடாதே,
அடுத்தது.
ஆறு வரி எழுதிவிட்டேன்.
இவ்வளவு என்பது எவ்வளவு?

ஒரேயொரு படத்துக்கு மெய்யான நேரம் தெரிந்தால் போதும்,
மற்ற அறுநூற்றுப் பன்னிரண்டும்
அதன் பின்னால் வரிசையில் வந்துவிடும்.

நூற்றுப் பதினெட்டாவதில் கிடைத்தது:
பிரட்டுக்களத்துச் சுவர்க்கடிகாரம், நான்கு பன்னிரண்டு.
தட்டச்சுப் பலகையில் விரல் வைத்தேன்.
"அந்த மணியையா?" என்றாள்.
"அது பத்து நிமிசம் முந்தி ஓடும்.
காலையில பேர் பதிய அதுதான் கணக்கு.
கொஞ்சம் பிந்தினா அரைப்பேரு."
சாயந்தரம்?
"சாயந்தரம் ஐயாவோட கைமணி."

அதே படத்தை இழுத்துப் பெரிதாக்கினேன்.
பின்வரிசையில் புஷ்பகாந்தி,
பிள்ளை பள்ளிவிட்டு வந்துவிட்டானா என்று
போனை எடுத்துப் பார்க்கிறாள்.
முகம் இருட்டு, திரை மட்டும் வெளிச்சம்.
புள்ளி புள்ளியாய் உடைவதற்கு
ஒரு படி முன்னால் நிறுத்தினேன்:
செவ்வாய், மார்ச் 14, நான்கு இரண்டு.
மலைமேல் கோபுரத்திலிருந்து வரும் நேரம்.
நாற்காலி போட்டு ஏறி
யாரும் திருக முடியாது அதை.

எண்ணாயிரத்து நானூற்று அறுபத்தைந்து நாள்,
பன்னிரண்டு மணி, பதினைந்து நிமிடம்.
ஓடவிட்டேன்.
அவசரத்தில் கழித்தல் குறி விழுந்துவிட்டது.
எல்லாரும் எழுபத்தாறுக்குப் போய்விட்டார்கள்,
பிறப்பதற்கு முன்பே கூடை சுமந்து,
அதே தராசுக்கு.
ஸ்டெல்லாமேரி இந்த முறை சிரிக்கவில்லை.
"அப்பயும் ரெண்டு கிலோ கழிச்சிருப்பாங்க" என்றாள்.

நகல்களை அழித்தேன், குறியை மாற்றினேன்.
பதினொரு விநாடி.
இடையில் அவள் தவறி எடுத்த செருப்புப் படமும்
படங்குச் சீலைமேல் தூங்கும் பிள்ளையின் படமும்
தத்தம் மத்தியானத்துக்குத் திரும்பின.

"தேதிய மாத்தினீங்களான்னு கேட்டா?"
மாத்தினோம்னு சொல்லுங்க.
எல்லாத்தையும், ஒரே அளவா.
இடப்பக்கம் கமரா சொன்னது, வலப்பக்கம் திருத்தியது,
அச்சடித்தேன், பதினான்கு தாள்.
மேலே நூற்றுப் பதினெட்டைப் பெரிதாக வைத்தேன்.

கல்லாப்பெட்டிக்குச் சில்லறை தேடும்போதுதான் பட்டது.
ஒரே சட்டகத்துக்குள் இரண்டு மணி:
சுவரில் ஒன்று, புஷ்பகாந்தியின் கையில் ஒன்று.
நாங்கள் தேடாத பத்து நிமிடம்
நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.
நாற்பத்தொரு வேலைநாள்.
நானூற்றுப் பத்து நிமிடம்.
ஆறு மணி ஐம்பது.

"ஒரு பேருக்குக் கிட்ட வருதே" என்றாள்.
பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் எழவில்லை.
"பதினஞ்சாவது தாளும் போடுங்க."